ஏரிப் பக்கத்துச் சக்கரம்

வெள்ளானூரில் ஏரியை ஒட்டி மனை வாங்கியவர்களில் வீடு கட்டாமலே குடியேறிய ஒரே ஆள் தங்கராஜ்தான். மற்றவர்கள் கடைக்கால் தோண்டி, கம்பி கட்டி, அப்புறம் அது ஏரிப் புறம்போக்கு என்று தெரிந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். தங்கராஜ் உட்காரவில்லை. ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலைக்காலம் முழுக்க இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்த மனுஷன், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார். "கட்டடம் கட்டுனாத்தான இடிப்பான்? சக்கரத்து மேல வீடு நின்னா அது வண்டி. வண்டியை எவன் இடிப்பான்?" என்றார். பூந்தமல்லியில் யாரோ ஊர் சுற்றச் செய்துவைத்து, ஆசை தீர்ந்ததும் விற்ற ஒரு கேரவனை வாங்கிவந்து மனையில் நிறுத்தினார். குவார்ட்டர்ஸைக் காலி செய்த கையோடு மனைவி ஆக்னஸ் அதில் குடித்தனம் வைத்தாள்.

அது எப்படிப்பட்ட வீடு என்று சொல்லிவிடுகிறேன். எஞ்சின் கிடையாது, டிரைவர் சீட்டு கிடையாது. முன்னால் ஒரு கொக்கி, அடியில் ஒரே ஓர் அச்சு, அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரம், பின்புறம் ஸ்டெப்னி தொங்கவிட ஓர் இடம். ஜீப்பிலோ டிராக்டரிலோ மாட்டி இழுத்தால் பின்னாலேயே வரும். உள்ளே ஓர் அடுப்பு, ஒரு தொட்டி, ஒரு மேசை. மேசையை மடித்துப் பலகை போட்டால் கட்டில். மதியம் தங்கராஜ் கண்ணசந்தால் ஆக்னஸ் உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்காது, தட்டை ஏந்திக்கொண்டு வாசல் படிக்குப் போவாள். ஜன்னல் பாதிதான் திறக்கும். கருவாடு வறுத்தால் அந்த வாசம் தலையணையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அதனால் கருவாட்டையே விட்டுவிட்டாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண் கருவாட்டை விடுவது லேசான காரியமா?

தெருவில் அந்த வீட்டைக் கண்டால் எல்லாருக்கும் சினிமா நினைப்புதான். டிராக்டர் வைத்திருக்கும் துலுக்கானத்தின் பெண்சாதி தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது, "இன்னாக்கா, மேக்கப்பு முடிஞ்சுதா? எப்போ ஷூட்டிங்கு?" என்று கேட்பாள். ஆக்னசும் சிரித்துவைப்பாள். உள்ளுக்குள் எரியும்.

அவளை அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது ஒரு வாக்குறுதி. வருஷா வருஷம் ஊருக்குப் போகும் ரயில் கொடை ரோடு ஸ்டேஷனில் விடியற்காலையில் நிற்கும். ஆக்னஸ் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக் கொடைக்கானல் மலையைப் பார்ப்பாள். மடியில் மகன் கிஷோர் தூங்கின காலத்திலும் பார்த்தாள், கிஷோர் வளர்ந்து மேல் பெர்த்தில் போனைத் தடவிக்கொண்டிருந்த காலத்திலும் பார்த்தாள். ஒரு தடவைகூட இறங்கினதில்லை. லீவு இல்லை, அடுத்த வருஷம், அடுத்த வருஷம். ரிட்டையர் ஆன அன்று தங்கராஜ் மாலையைக் கழற்றிக்கொண்டே, "இனிமே ரயிலே வேண்டாம்ட்டி. வீட்டைக் கட்டி இழுத்துக்கிட்டு நேரா மலைக்கே போவோம். எந்த ஊரு புடிக்கோ அங்க நிறுத்திக் காப்பி போடுவோம்" என்றார். அந்தக் காப்பியை நம்பித்தான் குவார்ட்டர்ஸ் முருங்கை மரத்தையும் பக்கத்து வீட்டுப் பேச்சையும் விட்டுவிட்டு வந்தாள்.

வந்து இரண்டு மழைக்காலம் ஆயிற்று. வீடு ஓர் அடி நகரவில்லை. நகராதது மட்டுமா, வந்த வாரத்திலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி நாலு மூலையிலும் சிமெண்டுக் கல் அடுக்கி, சக்கரங்களைக் கழற்றி அடியில் போட்டுவிட்டார். நின்றுகொண்டே பாரம் சுமந்தால் டயர் கெட்டுவிடுமாம். ஏரித் தண்ணீர் வந்து வந்து போனதில் கழற்றின டயர் வெடித்து, டயர் மாட்டுகிற இரும்பு டிஸ்க் துருவேறி, கடைசியில் எல்லாம் காயலான் கடைக்குப் போயின. வேறு டயர் வாங்கலாமே என்று ஆக்னஸ் கேட்கும்போதெல்லாம், "சரியான டயர் அமையட்டும்" என்பார். பாடியில் பார்த்தது கார் டயர், ஆகாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பார்த்தது நல்ல டயர், ஆனால் டிஸ்க்கில் நட்டுத் துளை பொருந்தாது. செங்குன்றத்தில் பார்த்தது தேய்ந்த டயர் மேல் ரப்பர் ஒட்டி ரீபட்டன் போட்டது, சீ என்றார். இத்தனை சுத்தம் பார்க்கிற மனுஷன் புருஷனாக வாய்த்ததில் ஒருவிதப் பெருமைகூட இருந்தது அவளுக்கு, என்ன செய்ய.

கார்த்திகை மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் வருவாய்த் துறை ஆர்.ஐ. வந்தார். இளம் பெண், காலில் ரப்பர் செருப்பு, புடவையை முழங்கால் வரை தூக்கிச் சொருகியிருந்தார். ஏரியை அளக்கிறார்கள், கோர்ட்டு உத்தரவு. தங்கராஜ் தயாராக வைத்திருந்த வசனத்தைச் சொன்னார்.

"மேடம், இது கட்டடம் இல்ல. வண்டி. சும்மா நிறுத்தி வச்சிருக்கு."

ஆர்.ஐ. மறுபேச்சுப் பேசாமல் குனிந்து அடியில் பார்த்தார். கல்லைப் பார்த்தார். அச்சின் இரண்டு மொட்டை முனைகளையும் பார்த்தார்.

"வண்டின்னா சக்கரம் எங்க சார்?"

"டயர் வாங்கணும். நல்லதா அமையல."

"கல்லு மேல நிக்கிறது கட்டடம்தான் சார். திங்கக்கிழமை ஜேசிபி வருது. இது கட்டடமா இருந்தா இடிப்போம். உள்ள இருக்கிற சாமானை எடுத்து வச்சிடுங்க. அம்மா, உங்களுக்கும்தான் சொல்றேன்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, பரிவாகத்தான் சொன்னார். ஆக்னஸ் படியில் உட்கார்ந்தாள். ரிட்டையர்மெண்ட் பணம் மண்ணில் போயிற்று, இப்போது மண்ணின் மேல் நிற்கிற தகரமும் போகப்போகிறது. ஆனால் தங்கராஜ் கலங்கவில்லை. "சக்கரம்தான கேட்டா? போட்டுக் காட்டிருவோம்" என்று சட்டையை எடுத்து மாட்டினார்.

அதைக் கேட்டதும் ஆக்னசுக்கு உள்ளே சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது. சக்கரம் வரப்போகிறது! எந்தச் சனியன் வழியாக வந்தால் என்ன, சக்கரம் வந்துவிட்டால் கிளம்பிவிடலாம். அவளும் புடவையை மாற்றிக்கொண்டு கூடவே புறப்பட்டாள்.

ஆவடியில் ஷேர் ஆட்டோ மாறி, பருத்திப்பட்டு வழியாகப் பூந்தமல்லி போகிற பஸ்ஸில் இருவரும் உட்கார்ந்தார்கள். தங்கராஜ் வழி நெடுக டயர் பாடம் நடத்தினார். வேலையில் இருந்தபோது இருந்த குரல் திரும்பி வந்திருந்தது.

"கேட்டுக்க ஆக்னசு. ட்ரெய்லருக்குக் கார் டயர் போடக் கூடாது. வளைவுல அசைஞ்சு குடுக்கும், வீடு ஆடும். சைடு கெட்டியா இருக்கணும். எவ்ளோ பாரம் தாங்கும்னு அதுலயே ஒரு நம்பர் போட்டிருப்பான், அது நம்ம வீட்டோட எடைக்கு மேல இருக்கணும். சட்டிபானை, தண்ணி, நீ, நான் எல்லாம் சேத்துத்தான் எடை."

"நான் எடைதான்" என்றாள் ஆக்னஸ். வெகு நாள் கழித்துச் சிரிப்பு வந்தது.

"அடுத்தது பொறந்த தேதி. சைடுல கடைசியா நாலு நம்பர் இருக்கும். மொத ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருசம். அதப் பாக்காம டயர் வாங்குதவன் முட்டாள். எல்லாப் பயலும் பட்டனைத்தான் பாப்பான். மேல புடைச்சுக்கிட்டு இருக்குல்லா, அந்தப் பட்டனு. ஓடாம நின்ன டயருக்குப் பட்டன் புதுசு மாதிரியே இருக்கும். உள்ள ரப்பர் செத்திருக்கும்."

"நின்னா செத்துருமா?"

"பின்ன? ஓடத்தான டயரு."

"மாட்டிட்டா அவ்ளோதானா?"

"இல்ல. மாட்டிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டணும். பெறவு நிறுத்தி, நட்டை இன்னொரு தரம் முறுக்கணும். மொத ஓட்டத்துல நட்டு லேசா தளரும். அத மறந்தாத்தான் சக்கரம் தனியா உருண்டு போவும்."

ஆக்னஸ் எல்லாவற்றையும் மனசில் வாங்கிக்கொண்டாள். மலைக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள் இல்லையா?

ட்ரங்க் ரோட்டில் பாபுவின் டயர் கடை. வாசலில் புது டயர்கள் அடுக்கி, பின்னால் கொட்டகையில் பழசு குவித்திருந்தது. பாபு காற்றடிக்கும் குழாயை ஓரமாகப் போட்டுவிட்டு வந்தான். கையைத் துடைத்த துணி கையைவிட அழுக்கு.

"வா சார். எந்த வண்டிக்கு?"

"கேரவன். இழுக்கிற மாதிரி. ரெண்டு சக்கரம், ஒரு ஸ்டெப்னி."

"சரி. நிக்கிறதுக்கா, ஓட்றதுக்கா?"

இப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருப்பதே ஆக்னசுக்கு அன்றைக்குத்தான் தெரியும். "அது என்ன தம்பி நிக்கிறதுக்கு?" என்றாள்.

"அது ஒண்ணியும் இல்லக்கா. டிபன் வண்டி, இஸ்திரி வண்டி, ஜூஸ் வண்டிலாம் கீதுல்ல? ஒரே எடத்துல நிக்கும். போலீசு வந்தா நாலடி தள்ளுவாங்க, அவ்ளோதான். அதுக்கு எதுக்கு நல்ல டயரு? பாக்கறதுக்கு டயரா இருந்தா போதும். பட்டன் நல்லா கீற மாரி பழசு தள்ளிவுட்ருவேன். ஓட்றதுன்னா வேற கத. உசுரு மேட்டரு."

ஆக்னஸ் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். 'ஓட்றதுக்கு' என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள். தங்கராஜ் வாசல் அடுக்கை ஒரு தடவை பார்த்துவிட்டு நேராகக் கொட்டகைப் பக்கம் நடந்தார்.

குவியலில் இருந்து பாபு ஒன்றை உருட்டி எடுத்தான். "இது பாரு சார். ஜீப்பு டயரு. வண்டி ஷெட்லயே நின்னு ஏலத்துக்குப் போச்சு. ஓடவே இல்ல. பட்டனப் பாரு, அப்புடியே கீது."

தங்கராஜ் குனிந்து பட்டனைத் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். ஆக்னஸ் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, டயரின் சைடில் அழுக்கை விரலால் தேய்த்தாள். நாலு நம்பர் தெரிந்தது. இருபத்திரெண்டு, பன்னிரண்டு.

"ஏங்க, இது கிஷோர் காலேஜ் சேந்த வருசம். ரப்பர் பூரா கீறலு கீறலா இருக்கு பாருங்க."

"ம்."

"நீங்கதான பஸ்ல சொன்னீங்க, பட்டனைப் பாக்குதவன் முட்டாள்னு?"

"அது ஓடுத வண்டிக்கு."

"அப்ப நம்ம வண்டி ஓடாதா?"

தங்கராஜ் டயரைப் புரட்டி மறுபக்கத்துப் பட்டனைப் பார்த்தார். பாபு நல்ல பையன், சட்டென்று காற்றுக் குழாயை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பாடியும் அம்பத்தூரும் செங்குன்றமும் புரிந்தது. இந்த மனுஷனுக்கு எந்த டயரும் பிடிக்காமல் போனது சுத்தம் பார்த்து அல்ல. சரியான டயர் கிடைத்துவிட்டால் கிளம்ப வேண்டும். கிளம்பினால் அந்த மனை போனது போனதுதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வாங்காதீங்கப்பா, புறம்போக்கு என்று அன்றைக்கே சொன்ன கிஷோர் சொன்னது சரி என்றாகிவிடும். அதற்காக ஒரு பொம்பளையை இரண்டு மழைக்கு மேசை மேலே படுக்கவைத்தாரே! ஆக்னஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எழுந்தாள்.

"தம்பி, இங்க வா" என்று பாபுவைக் கூப்பிட்டாள். "எனக்கு ஓட்ற டயர்தான் வேணும். ரெண்டு பக்கமும். ஸ்டெப்னியும்."

பாபு தங்கராஜைப் பார்த்தான். தங்கராஜ் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"சரிட்டி. நீ சொன்னா சரி."

அங்கேயே அவள் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து 'நீ சொன்னா சரி' என்று வந்ததே கிடையாது. ஆனால் கேட்கக் காத்திருந்த வார்த்தை காதில் விழும்போது யார் சந்தேகப்படுவார்கள்? "டிஸ்க்கு தேடணும், துளை பொருத்திப் பாக்கணும், நேரமாவும். நீ போய்ச் சோறு வை" என்றார். அவளும் பஸ் ஏறினாள்.

பொழுது சாய்வதற்குள் ஒரு குட்டியானை வண்டியில் சக்கரங்கள் வந்து இறங்கின. துலுக்கானம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உதவிக்கு வந்தார். ரோட்டுப் பக்கம் மாட்டின டயரை ஆக்னஸ் நன்றாகப் பார்த்தாள். புத்தம்புதுசு. சைடு கல்மாதிரி இருந்தது. நாலு நம்பரையும் படித்துப் பார்த்தாள், இந்த வருஷத்துக் குழந்தை. பின்னால் தொங்கின ஸ்டெப்னியும் அப்படியே. ஏரிப் பக்கத்துக்குப் போகப் பார்த்தபோது தங்கராஜ், "அங்க முழங்கால் சேறு. வழுக்கி விழுந்து வைக்காத" என்றார். உள்ளே குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்டு அவள் திரும்பிவிட்டாள்.

"கல்லெல்லாம் எடுத்தாச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"ரோட்டுப் பக்கம் எடுத்தாச்சுக்கா. ஏரிப் பக்கம் அண்ணாத்தே வேணான்றாரு" என்றார் துலுக்கானம்.

"மண்ணு பொதபொதன்னு கெடக்கு. ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்றார் தங்கராஜ்.

"நட்டை ரெண்டாவது தரம் முறுக்கணும்னீங்களே?"

"அது ஓடுத..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "பாத்துக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ஆக்னஸ் வீட்டுச் சாமானைக் கட்ட ஆரம்பித்தாள். ஓடும்போது உருளாமல் தட்டுகளைத் துண்டில் சுற்றினாள். எண்ணெய்ப் பாட்டிலை அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். சுவரில் இருந்த மாதா படத்துக்குப் பின்னால் பழைய துணியை மடித்து வைத்தாள். முகப்பேரிலிருந்து கிஷோர் போன் செய்தான். பக்கத்தில் மருமகள் சபீனா, "அத்தைகிட்ட குடுங்க" என்பது கேட்டது.

"அம்மா, அதை அங்கயே விட்டுட்டு ரெண்டு பேரும் இங்க வாங்க. ஹால்ல படுத்துக்கலாம். அப்பாவுக்குச் சொல்லு."

"உங்கப்பா உன் ஹால்ல படுப்பாரா?"

"நீயாவது வா."

"நான் மட்டும் வந்து என்னல செய்ய? அந்த மனுசன் ஜேசிபிக்கு முன்னால உக்காந்துருவாரு. நாளைக்கு வண்டி கெளம்புது. போற வழியில போன் பண்ணுதேன்."

போற வழி என்று சொல்லும்போதே தித்தித்தது. தங்கராஜ் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி ரேடியோவின் கம்பியை நீட்டி நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை தூறலோடு விடிந்தது. தெருக்கோடியில் ஜேசிபி வந்து நின்றது. முதலில் யாரோ எழுப்பி வைத்திருந்த மதில் சுவர் போயிற்று, அப்புறம் ஒரு மோட்டார் கொட்டகை. ஜனங்கள் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். ஆர்.ஐ. இவர்கள் மனைக்கு வந்ததும் தங்கராஜ் இஸ்திரி போட்ட சட்டையில் நெஞ்சை நிமிர்த்தி, ரோட்டுப் பக்கச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றார். மாப்பிள்ளையைக் காட்டுகிற மாமனார் மாதிரி இருந்தது.

"பாத்துக்கிடுங்க மேடம். சக்கரம். பின்னால ஸ்டெப்னி. எல்லாம் புதுசு."

ஆர்.ஐ. பார்த்தார். "சரி சார். அப்ப இது வண்டிதான்."

தங்கராஜின் முகம் மலர்ந்தது.

"வண்டின்னா எடுத்துடுங்க. ஏரிக்குள்ள வண்டி நிறுத்தக் கூடாது."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. சக்கரம் இல்லாவிட்டால் இடிப்பார்கள், இருந்தால் எடு என்பார்கள் என்று அவர் யோசிக்கவே இல்லை. வேலைக்காலம் முழுக்க அடுத்தவன் செய்த சாமானில் ஓட்டை கண்டுபிடித்தவர், சொந்த யோசனையை மட்டும் சோதிக்காமல் விட்டுவிட்டார்.

"எப்ப எடுக்க மேடம்?"

"இப்பவே சார். நான் அந்தக் கடைசி வரிசையை முடிச்சிட்டு வரேன்."

"துலுக்கானம்! டிராக்டரைக் கொண்டாங்க!" என்று கத்தினது ஆக்னஸ். படியைத் தூக்கி உள்ளே போட்டாள், கேஸ் வால்வை மூடினாள், கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள். தங்கராஜ் மெதுவாக ஏரிப் பக்கம் போய், சேற்றில் இறங்கி, கல்லை ஒவ்வொன்றாக உருவினார். கடைசிக் கல்லை உருவ வெகு நேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"துலுக்கானம், மெல்லப் போ" என்றார். "ரொம்ப மெல்ல."

கொக்கி மாட்டி டிராக்டர் உறுமியது. வீடு ஒரு தடவை முனகிவிட்டு நகர்ந்தது. இரண்டு மழையாக நின்ற வீடு! ஆக்னஸ் பக்கத்திலேயே நடந்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது, துடைக்கவும் இல்லை. அடியில் புல் வெளுத்துக் கிடந்த சதுரம் பின்னால் போயிற்று. குளிக்கக் கட்டின தகரத் தடுப்பு பின்னால் போயிற்று. தெருவில் ஏறும் இடத்தில் உடைந்த சிறுபாலத்துக் கல் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. ரோட்டுப் பக்கச் சக்கரம் தாண்டிவிட்டது. ஏரிப் பக்கச் சக்கரம் கல்லில் ஏறி இறங்கின நொடியில் டமார் என்று ஒரு சத்தம். வீடு ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. உள்ளே அரிசி டப்பா கவிழ்கிற சத்தம் கேட்டது.

முன்பாதி தெருவில், பின்பாதி மனையில். தெரு முழுக்க அடைத்துக்கொண்டது.

"இன்னா அண்ணாத்தே இது, புது டயரு பூட்ச்சு?" என்று துலுக்கானம் குதித்து இறங்கினார்.

ஆக்னஸ் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். டயர் சைடு வாக்கில் கிழிந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பட்டன் மட்டும் அப்படியே இருந்தது. அவள் கண்ணாடியைத் தேடவில்லை. சேற்றை விரலால் வழித்து, நாலு நம்பரையும் தடவியே படித்தாள். இருபத்திரெண்டு, பன்னிரண்டு.

தங்கராஜ் பின்னால் வந்து நின்றார்.

"வாரவங்க ரோட்டுப் பக்கம் நின்னுதான பாப்பாங்கன்னு..." என்றார்.

"ஸ்டெப்னியும் கண்ணுல படும்னு அதப் புதுசா வாங்குனீங்க."

"ஆமா."

"என் கண்ணுல படாத பக்கம் இது."

ஊர் கூடி நிற்கிறது. திட்டலாம், நாலு பேர் கேட்க மானத்தை வாங்கலாம். ஆக்னஸ் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "ஸ்டெப்னியைக் கழட்டுங்க" என்றாள்.

துலுக்கானமும் தங்கராஜும் சேற்றில் மண்டியிட்டுச் செத்த சக்கரத்தைக் கழற்றிப் புதுசை மாட்டினார்கள். ஜாக்கி இறங்கியதும் வீடு நேரானது. தங்கராஜ் எழுந்து தெருக்கோடியைப் பார்த்தார். ஜேசிபி கடைசி வரிசையில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆர்.ஐ.யைக் காணவில்லை.

"துலுக்கானம்" என்றார் தணிந்த குரலில். "அந்தம்மா அந்தாண்ட போய்ட்டா. திரும்பி வாரதுக்குள்ள அப்படியே பின்னால தள்ளிரு. மனையிலயே நிக்கட்டும். எடுத்தோம், டயர் வெடிச்சுருச்சுன்னு சொல்லிக்கலாம். வெடிச்ச டயரு கையில இருக்கு. பொய்யும் இல்ல."

துலுக்கானம் ஆக்னசைப் பார்க்காமல் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். டிராக்டர் பின்னோக்கி இரண்டு சாண் அசைந்தது. வெளுத்த புல் சதுரம் பின்னாலேயே காத்துக்கொண்டிருந்தது.

ஆக்னஸ் துலுக்கானத்துக்குக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு மனைக்குள் நடந்தாள். வீட்டைத் தாங்கி நின்ற கல்லில் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கினாள். கனம், வயிற்றில் அணைத்துக்கொண்டு வந்தாள். ஏரிப் பக்கத்துச் சக்கரத்துக்குப் பின்னால் போட்டு, காலால் நெட்டித் தள்ளி முட்டுக் கொடுத்தாள். இன்னொரு கல்லை எடுத்துவந்து ரோட்டுப் பக்கச் சக்கரத்துக்கும் கொடுத்தாள். மூச்சு வாங்க, வீட்டுக்குப் பின்னால் வழியை மறித்துப் போய் நின்றாள்.

"எக்கா, தள்ளு! இன்னா பண்ற நீ?"

"பின்னால போவாது துலுக்கானம். முன்னால வேணும்னா இழு."

"ஆக்னசு" என்றார் தங்கராஜ். "எங்கட்டி போறது? சொல்லு. எங்க கொண்டு நிறுத்த? கிஷோர் பிளாட்டுல விடுவானா? ரோட்டுல நிறுத்துனா போலீசு விடுவானா? கொடைக்கானலுக்கு டிராக்டர்லயா போவ?"

எல்லாம் நியாயமான கேள்விதான். தூறல் கண்ணாடியில் விழுந்து எதிரில் நிற்கிறவர் முகமே சரியாகத் தெரியவில்லை.

"கொடைக்கானல் வேண்டாம்" என்றாள். "காப்பியும் வேண்டாம். மொதல்ல இங்கேருந்து போவோம். நான் இனி அந்தப் புல்லு மேல படுக்க மாட்டேன். அந்தக் கல்லை நீங்களே எடுக்கணும்னாலும் எடுத்துக்கிடுங்க, நான் இப்படியேதான் நிப்பேன்."

தங்கராஜ் கல்லைப் பார்த்தார். அவர் அடுக்கின கல்தான். குனிந்தால் எடுத்துவிடலாம். ஜனங்கள் குடைக்கு அடியில் நின்று பார்த்தார்கள். துலுக்கானத்தின் பெண்சாதி ஷூட்டிங் என்று கேலி பேசவில்லை.

அவர் குனிந்தார். கல் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், ஸ்டெப்னி மாற்றினபோது போட்ட வீல் ஸ்பேனர் சேற்றில் கிடந்தது. தங்கராஜ் அதை எடுத்து இஸ்திரி போட்ட சட்டையில் துடைத்தார். துடைத்துவிட்டு அவளைப் பார்க்காமல் டிராக்டர் பக்கம் திரும்பினார்.

"துலுக்கானம், முன்னால எடு. பள்ளி முக்கு வரைக்கும் மெல்லப் போயி நிறுத்து."

"நிறுத்தி?"

"நட்டை ரெண்டாவது தரம் முறுக்கணும்" என்றார் தங்கராஜ்.